ஏரா வைத்த கிற்றார்

வல்வெட்டித்துறையில் வள்ளம் கட்டுகிறவர்களை ஓடாவியார் என்பார்கள். நான் சொல்ல வந்த ஓடாவியாரை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு அடியில். பந்தியில் எனக்கு எதிரே இருந்த மனிதர் இலையில் சோறு விழுவதற்குள் காணாமல் போய்விட்டார். குனிந்து பார்த்தால் கீழே மல்லாந்து கிடக்கிறார். மேசையின் ஒரு கால் கட்டையாம். இடுப்பில் செருகியிருந்த சின்ன உளியை எடுத்து மற்ற மூன்று கால்களையும் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சோறு ஆறுது," என்றார் பக்கத்துக் கதிரைக்காரர்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்று மேசைக்கு அடியில் இருந்து பதில் வந்தது.

அவர் எழும்பி வந்தபோது எங்கள் மேசை மற்ற மேசைகளைவிட இரண்டு விரற்கடை பதிந்திருந்தது. ஆனால் ஆடவில்லை. சோற்றுக்கு நாங்கள் எல்லோரும் கூடுதலாகக் குனிய வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல். முடிந்த சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. வள்ளத்தைக் கடலில் இறக்கிய பிறகும் அவருக்குப் பக்கப் பலகையில் ஏதாவது உறுத்தும். அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, எனக்குத் தாலி கட்டி மூண்டு முடிச்சும் போட்டாப் பிறகு, சனம் அரிசி எறிஞ்சு முடிஞ்சாப் பிறகு, இந்த மனிசன் திரும்பி வந்து முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினவர். ஐயர் சிரிச்சுப்போட்டார்."

நான் அப்போது அச்சுவேலிப் பக்கம் ஒரு மரக்காலையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஊர் மெல்லிசைக் கோஷ்டியில் பேஸ் கிற்றார் அடிப்பேன். எனக்கு வாய் திறந்து கதைக்க வராது. நாலு பேர் பார்த்தால் சொல் பாதியில் நின்றுவிடும். பேஸ் கிற்றார் அதற்குத் தோதான வாத்தியம். சனம் பாட்டுக்காரரைப் பார்க்கும், தபேலாக்காரரின் கையைப் பார்க்கும். பின்னால் நின்று தடித்த கம்பியில் அடிக்கிறவனை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் நிறுத்தினால் பாட்டு தரையில் இருந்து எழும்பிவிடும். எனக்கு அது போதும்.

கோஷ்டியை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஓர்கன் வாசிப்பார். கொழும்பில் இருந்து அவர் வாங்கி வந்த சிவப்பு பேஸ் கிற்றார் ஒன்றை என்னிடம் தந்திருந்தார். முழுக் கட்டையில் செய்தது. மின்சாரம் இருந்தால் ஊரே அதிரும். மின்சாரம் போனால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காது.

அந்த நாட்களில் மின்சாரம் அடிக்கடி போகும். ஒரு கோயில் மண்டபத்தில் மத்தியானக் கச்சேரி. பாட்டின் நடுவில் மின்சாரம் நின்றது. மாஸ்டர் ஓர்கனை விட்டு ஆர்மோனியத்துக்குத் தாவினார். தபேலா தன்பாட்டில் போனது. பாட்டுக்காரர் தொண்டையைக் கூட்டினார். எல்லோரும் சமாளித்தார்கள். நானும் கையை நிறுத்தாமல் அடித்தேன். அடித்தது எனக்கு மட்டும் விரலில் தெரிந்தது.

கச்சேரி முடிந்து கிற்றாரை உறைக்குள் வைக்கும்போது அந்த மேசைக்கால் மனிதர் மேடை ஓரமாக வந்து நின்றார்.

"தம்பி, கரண்ட் போன பிறகும் நீர் அடிச்சுக்கொண்டுதானே நிண்டனீர்?"

"ஓம்."

"ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

"ஓம்."

"பிறகு ஏன் அடிச்சனீர்?"

"பாட்டு முடியேல்லை, அண்ணை."

 அவர் சிவப்புக் கிற்றாரை வாங்கி விரல் மொழியால் தட்டினார். காதுக்குக் கிட்ட வைத்து இன்னொரு முறை தட்டினார்.

"உது மரக்கட்டை. கட்டையும் மிதக்கும்தான். அதுக்காக வள்ளம் ஆகுமோ? உள்ளை வெளி வேணும், தம்பி. வெளி இருந்தால்தான் சத்தம் தங்கும்."

உள்ளே வெளியாகச் செய்தால் வேறு தொல்லை உண்டு என்று நான் திக்கித் திக்கிச் சொன்னேன். ஒலிபெருக்கிச் சத்தம் திரும்பி வந்து வயிற்றுக்குள் புகுந்து ஊளையிடும். அதனால்தான் முழுக் கட்டையில் செய்கிறார்கள். அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை வல்லைவெளிக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்து மரக்காலைக்கு வந்துவிட்டார். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். அவருக்கு வள்ள வேலை இல்லை. கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற அந்தக் கை என்னென்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"யோசிச்சனான்," என்றார், சைக்கிளை விட்டு இறங்காமலே. "வள்ளத்துக்கு நடுவிலை என்ன கிடக்கு? ஏரா. அடியிலை தலை தொடக்கம் வால் மட்டும் ஒரே மரம். அது கட்டை. ரண்டு பக்கமும் வெளி. உமக்கும் அப்பிடி ஒண்டு செய்வம். கம்பியின்ரை இழுவை ஏராவிலை நிக்கட்டும். அது ஊளையிடாது. ரண்டு பக்கமும் வயிறு வைப்பம். அது கரண்ட் போனாலும் பேசும்."

கழுத்தும் நடுக்கட்டையும் ஒரே முதிரைப் பலகை, இரண்டு பக்க வயிறும் பலா. அதுதான் அவர் கணக்கு. பலா எடுப்பதற்கு எங்கள் மரக்காலையில் ஒரு காலை முழுவதும் போனது. ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, ஒரு முனையை இரு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, தட்டி, காது கொடுத்து, திரும்பக் கீழே வைத்தார். எங்கள் முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "ஓடாவியார், மரம் வாங்க வந்தனீரோ, நாடி பிடிக்க வந்தனீரோ?"

"ரண்டும் ஒண்டுதான். உந்தப் பலகைக்குச் சளி," என்று ஒன்றைத் தள்ளி வைத்தார்.

அன்று தொடக்கம் ஞாயிறு தோறும் நான் வல்வெட்டித்துறைக்குப் போனேன். கவிழ்த்து வைத்த வள்ளம் ஒன்றின் நிழலில் அவர் வேலை செய்வார். மேல் பலகையை வளைக்கவில்லை. தடித்த பலாவை வாச்சியால் வெளிப்பக்கம் மேடாகவும் உட்பக்கம் குழியாகவும் செதுக்கி எடுத்தார். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. பெருவிரலால் அமத்தி அமத்திப் பார்த்துச் செதுக்குவார். அளவுகோல் ஒன்றும் கிடையாது. முடிந்தபோது நல்ல வடிவாக இருந்தது. நடுவில் முதிரை மஞ்சளாக ஓட, இரண்டு பக்கமும் பலா மேடு கட்டி நின்றது. பக்கங்களைப் பொருத்தி, மூட்டு இடுக்கெல்லாம் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். கலப்பத்து என்பார்கள் அதை. வள்ளத்துக்குள் தண்ணீர் வராமல் இருக்கச் செய்வது.

அப்போதுதான் கவனித்தேன். சத்தம் வெளியே வர ஓட்டை இல்லை.

"ஓட்டையோ?" என்றார். நான் ஏதோ கெட்ட சொல் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

"ஓம் அண்ணை. மேல் பலகையிலை ரண்டு."

"தம்பி, நான் முப்பது வரியமாய் ஓட்டை அடைச்சுக்கொண்டு இருக்கிறன். என்ரை கையாலை ஓட்டை போட்டு ஒரு சாமானைக் குடுத்தால் கடற்கரையிலை நான் என்னெண்டு நடக்கிறது?"

 ஓட்டை இல்லாமலே கம்பி பூட்டினார். அடித்துப் பார்த்தேன். போர்வைக்குள் கிடந்து ஒருவன் கதைப்பது போலக் கேட்டது. அவர் வாங்கித் தட்டினார், திருப்பினார், குலுக்கினார். பிறகு கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஏறிக் குந்திக்கொண்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மீனுக்கே செவுள் கிடக்கு. மூச்சுவிட ஒரு வழி வையுங்கோவன். செத்தா போவியள்?"

அவர் இறங்கி வந்தார். "சரி. போடுறன். ஆனால் தண்ணி மட்டத்துக்கு மேலைதான் போடுவன்."

எனக்கு விளங்கவில்லை. கம்பியைக் கழற்றினார். கிற்றாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அங்கே ஒரு சீமெந்துத் தொட்டி நிறையத் தண்ணீர். நான் தடுப்பதற்குள் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

அது மிதந்தது. தலைப்பக்கம் தாழ்ந்து, உடம்பு ஒருபக்கம் சரிந்து, மெதுவாகத் தொட்டியைச் சுற்றி வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. வேலிக்கு மேலால் அயல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஓடாவியார், உந்த வள்ளம் ஆருக்கு? எலிக்கோ?"

"எலி ஓட்ட மாட்டன் எண்டிட்டுது. அதுதான் இந்தத் தம்பிக்கு," என்று அவர் கரித்துண்டால் தண்ணீர் மட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

சரிந்த பக்கத்தில் மேல் பலகையின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டது. அந்தப் பக்கம் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார். உயர்ந்த பக்கத்தில் இரண்டு ஓட்டை வெட்டினார். நீண்டு வளைந்து, இரண்டு வாளை மீன் நீந்துகிற மாதிரி. கிற்றார் அடிக்கிற ஒருவரும் ஓட்டையை அப்படி ஒருபக்கமாக வைத்ததைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் தோளில் மாட்டியபோது அந்தப் பக்கம்தான் என் முகத்துக்கு நேரே வந்தது. சத்தம் வெளியே போகிற வழியில் முதலில் என் காதில் ஏறிவிட்டுத்தான் போகும். எனக்கென்றே வைத்தது போல இருந்தது. தலை தாழ்ந்ததற்கும் மருந்து வைத்திருந்தார். வாலுக்குள் துளை குடைந்து, வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு நாலைப் போட்டு அடைத்தார். திரும்ப மிதக்கவிட்டோம். நேராக நின்றது. தோளில் மாட்டியபோதும் கையை விட்டால் தலை கீழே போகாமல் நின்றது. சிவப்புக் கிற்றார் எப்போதும் தலையைக் கீழே போடும். அதைத் தூக்கிப் பிடித்தே என் இடக்கை அலுத்துப் போயிருந்தது.

கம்பியின் அதிர்வை மின்சாரத்துக்கு ஏற்றுவதற்குக் காந்தமும் அதைச் சுற்றிக் கம்பிச் சுருளும் வேண்டும். காந்தம் ஒரு பழுதான றேடியோவில் இருந்து வந்தது. மயிர் அளவு செப்புக் கம்பியை ஒரு பழைய மோட்டாரில் இருந்து உரித்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சில்லில் சுருளைப் பொருத்தி, சில்லைக் கையால் சுற்றி எண்ணுவார். ஆறாயிரம் சுற்று வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒழுங்கையால் போகிற யாராவது "என்ன ஓடாவியார், சுகமோ?" என்பார்கள். "சுகம்" என்பார். எண் போய்விடும். எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்ப ஒன்றில் தொடங்குவார். பறவாயில்லை, ஒரு பத்து முன்பின்னாக இருக்கட்டும் என்றால் கேட்க மாட்டார். மூன்றாம் நாள் அவருடைய மனைவி ஒழுங்கை முகப்பில் கதிரை போட்டு இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வாயில் விரல் வைத்துக் காட்டினார். யாருக்கோ கடும் வருத்தம், படுக்கையில் கிடக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் தோடம்பழத்தோடு வந்துவிட்டார்கள்.

கிற்றார் முடிந்தது. முடிந்தது என்று நான்தான் நினைத்தேன்.

ஒலிபெருக்கிப் பெட்டியில் பூட்டி அடித்தால் அது சிவப்புக் கிற்றாரைவிட உருண்டையாகக் கேட்டது. ஊளையிடவில்லை. மின்சாரம் இல்லாமல் எப்படி என்று பார்க்கப் பள்ளிக்கூட வெளிக்குப் போனோம். நான் நின்று அடிக்க, அவர் என்னைப் பார்த்தபடி பின்புறமாக நடந்தார். சத்தம் கேட்காமல் போகிற இடத்தில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதினேழாம் அடியில், மேயக் கட்டியிருந்த ஆட்டின் கயிற்றில் தட்டுப்பட்டு விழுந்தார். விழுந்து கிடந்தபடியே கையை உயர்த்தினார்.

"பதினேழு. இஞ்சை வரைக்கும் கேக்குது."

பதினேழு அடி ஒரு கச்சேரிக்குப் பெரிய தூரமில்லை. முன்வரிசைக்கே சரி. ஆனால் முதல் முறையாக, மின்சாரம் போனால் நான் ஊமையாக நிற்கத் தேவையில்லை.  அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து கிற்றாரை என் தோளில் இருந்து கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு."

அதன் பிறகு ஆறு வருடம் அந்தக் கிற்றார் பாதி என்னிடமும் பாதி அவரிடமும் இருந்தது. கச்சேரிக்கு வருவார். பாட்டைக் கேட்க மாட்டார், கிற்றாரைக் கேட்பார். இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்து "கொண்டாரும் ஒருக்கால்" என்று வாங்கி, இடுப்பு உளியால் உள்விளிம்பில் ஒரு சீவல் எடுப்பார். ஒருமுறை வார்னிசு காயாமலே மாட்டிக்கொண்டு நின்று, கடைசிப் பாட்டு முடிந்தபோது என் சேட்டு அதோடு ஒட்டிவிட்டது. சேட்டையும் கிற்றாரையும் சேர்த்தே கழற்றி, பனியனோடு வீட்டுக்குப் போனேன். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. என்னைக் கண்டால், "வள்ளம் வருது. வலை எங்கை?" என்பார்.

மறுக்கவும் முடியாது. ஒவ்வொரு முறை கொண்டுபோய் வரும்போதும் அது நல்லதாகத்தான் வந்தது. பதினேழு அடி பத்தொன்பது ஆனது. பிறகு இருபத்தொன்று. நடந்து அளக்க அவர் ஆட்டை அவிழ்த்துவிட்டே தொடங்குவார்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மொத்தம் நாலு கிற்றார் செய்தார். ஒவ்வொன்றையும் வாங்குகிறவரின் தோளைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கையால் வாளி தூக்குகிறீர் என்று கேட்டுத்தான் செய்வார். உடுப்பிட்டியில் ஒரு தையற்காரருக்குச் செய்தது மிகவும் அழகானது. அதையும் விடாமல் வாங்கி வாங்கிச் சீவினார். ஒருநாள் மேல் பலகையைச் சூரியனுக்குப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. அதைக் காட்டி மகிழ்ந்தார். கம்பியை இழுத்துப் பூட்டினார். இரண்டு பக்க வயிற்றிலும் கால் வைத்துக் கம்பியைத் தாங்குகிற குதிரை, பப்படத்தில் விரல் போன மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. தையற்காரர் நல்ல மனிதர். "அளவு எடுத்துத் தைச்சது, ஒரு பிடி கூடிப்போச்சு," என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேறொன்று வருவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அவர் பாடுகிறவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டு நின்றார்.

தொண்ணூறில் சண்டை மூள, மின்சாரம் அடியோடு நின்றது. மாஸ்டரின் சிவப்புக் கிற்றார் அதற்கு முன்பே, எண்பத்தேழில், ஷெல் விழுந்து அவர் வீட்டுக் கூரையோடு போய்விட்டது. மேடைக்கு மட்டும் எங்கேயாவது ஜெனரேற்றர் பிடிப்போம். ஒத்திகைக்கு ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் என் கிற்றார்தான் ஒத்திகையைத் தாங்கியது. புதுக் கம்பி கிடைக்காது. பழைய கம்பியைச் சோற்றுப் பானையில் அவித்து ஊத்தை போக்கித் திரும்பப் பூட்டுவேன். என் மனைவி அந்தப் பானையை எனக்கென்றே ஒதுக்கிவிட்டாள். மாஸ்டரும் வள்ளம், வலை என்று பகிடி பண்ணுவதைக் குறைத்தார். ஆனால் இரண்டு கச்சேரிக்கு நான் வெறுங்கையோடு போக வேண்டி வந்தது. இரண்டு முறையும் கிற்றார் வல்வெட்டித்துறையில், வயிறு திறந்து கிடந்தது.

அடுத்தது அளவெட்டி. இரவுத் திருவிழாக்களைப் பகலுக்கு மாற்றியிருந்த காலம் அது. கோயிலில் பின்னேரக் கச்சேரி. நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஊர். அங்கே பிழைவிட்டால் குழந்தைப்பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அளவெட்டிக்கும் வெறுங்கையோடை வந்தீரெண்டால், கதிரை ஒண்டு போட்டுவிடுறன், கீழை இருந்து பாரும். என்ரை மருமகன் கொழும்பிலை இருந்து கொண்டந்த கிற்றாரோடை நிக்கிறான். ஒருக்கால் அவன் ஏறினால் பேந்து இறக்க ஏலாது. விளங்குதோ?"

விளங்கியது. மரக்காலையில் கிழமை முழுவதும் வாள் கத்தும். வீட்டிலும் நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அந்த மேடையின் பின்பக்கத்தில் நிற்கிற இரண்டு மணித்தியாலம்தான் நான் வாய் திறக்கிற நேரம். அதை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு எங்கே போவது?

அளவெட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, பின்னேரம், ஓடாவியார் வந்தார். மழை விட்டிருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு, கால் கழுவி உள்ளே வந்து, சுவரில் தொங்கிய கிற்றாரைப் பார்த்தார். என்னைப் பிறகுதான் பார்த்தார்.

"கொண்டாரும் ஒருக்கால்."

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தட்டினார். குதிரைக்குக் கீழே பெருவிரலால் அமத்தினார். எனக்கு அந்தப் பெருவிரலை நன்றாகத் தெரியும்.

"இதிலை ஒரு கடதாசி அளவு கூடக் கிடக்கு, தம்பி. போன முறை விட்டிட்டன். இப்ப இருபத்திநாலு அடிதானே? இருபத்தேழு வரும். நாளையிண்டைக்குத் தந்திடுவன்."

அவருடைய நாளையிண்டை எத்தனை நாள் என்பதும் எனக்குத் தெரியும். அவர் எழும்பினார். நானும் எழும்பினேன். அவர் கையில் வால்பக்கம் இருந்தது. தலைப்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன் என்பது பிடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வள்ளம் தூக்குகிற இரண்டு பேர் மாதிரி நின்றோம். குசினி வாசலில் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். நீங்கள் குடுக்கிறதாலைதான் அவர் கேக்கிறார் என்று அவள் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"இல்லை அண்ணை," என்றேன்.

"என்ன இல்லை?"

"தரமாட்டன்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"தையற்காரற்றை அலுவலை யோசிக்கிறீரோ? அது வேறை, தம்பி. அந்தப் பலா இளம் மரம். உது அப்பிடி இறங்காது."

"பயத்திலை சொல்லேல்லை. எனக்கு உது காணும், போதும்."

"இருபத்தேழு அடி வரும் எண்டுறன்."

"இருபத்திநாலு காணும், அண்ணை. இருபத்தஞ்சாவது அடியிலை நிக்கிறவர் கொஞ்சம் கிட்ட வரட்டும்."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் ஒருநாளும் கதைத்ததில்லை.   இனி இந்த மனிதர் இந்த வீட்டுப் படி ஏறமாட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் கையை விடவில்லை.

"அப்ப, உது முடிஞ்சுது எண்டு சொல்லுறீர்," என்றார்.

"ஓம்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"முடிஞ்சுது, அண்ணை."

வால்பக்கம் அவர் கையில் இருந்து மெதுவாக என் பக்கம் வந்தது. அவர் கதிரையில் இருந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. பாரம் இறக்கி வைத்த ஆள் முதுகை நிமிர்த்துவது போல ஒருமுறை நிமிர்ந்தார்.

"இத்தனை வரியத்திலை ஒருத்தனும் எனக்கு உப்பிடிச் சொன்னதில்லை," என்றார். "வள்ளக்காரர் வருவினம். சோளகக் காத்து பிறந்திட்டுது எண்டு சொல்லி இழுத்துக்கொண்டு போவினம். நான் இடுப்பளவு தண்ணி மட்டும் உளியோடை பின்னாலை போவன். திட்டுவினம். முடிஞ்சுது எண்டு ஒருத்தன் சொன்னானோ? சொல்லேல்லை." தேத்தண்ணியை வாங்கி ஊதினார். "நீர் சொல்லிப்போட்டீர். கதைக்கத் தெரியாத ஆள் எண்டு நினைச்சிருந்தன்."

அளவெட்டியில் நன்றாக நடந்தது. அதை இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரேற்றர் இரண்டு முறை இருமியது, நிற்கவில்லை. கச்சேரி முடிய ஒரு முதிய நாதஸ்வரக்காரர் என்னிடம் வந்து, இது எந்த ஊர்ச் சாமான் என்று கேட்டார். வல்வெட்டித்துறை என்றேன். "கடற்கரைச் சாமானோ? அதுதான் மூச்சு நீளம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டரின் மருமகன் கீழே கதிரையில் இருந்து பார்த்தான். தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நான் அந்தக் கிற்றாரைச் சைக்கிள் தண்டில் கட்டிக்கொண்டுதான் நடந்தேன். ஓடாவியாரும் மனைவியும் அதற்கு முன்பே கடலால் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. அங்கே யாருடைய வள்ளத்தில் என்ன குறை கண்டாரோ தெரியாது.

நான் மறுத்த அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது என் மனைவி பின்பக்கம் போகக் கதவைத் தள்ளினாள். மழைக்கு ஊதியிருந்த கதவு நிலத்தில் உரசிக் கிரீச்சிட்டது.

ஓடாவியாரின் தலை திரும்பியது.

"பிள்ளை, உந்தக் கதவு..."

"ஓம் அண்ணை, மூண்டு நாளாய் உப்பிடித்தான். ஒருக்கால் பாத்துத் தாங்கோ," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவரும் நானும் கதவைக் கழற்றி முற்றத்தில் இரண்டு பலகைக் கட்டை மேல் கிடத்தினோம். நான் மரக்காலைச் சீவுளியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதன் அலகை நகத்தில் தேய்த்துப் பார்த்து, முகம் சுளித்து, கல்லில் தீட்டிக்கொண்டார். பிறகு சீவத் தொடங்கினார். நான் படியில் இருந்து அளவெட்டிக்கான பாட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தேன். மழை விட்ட பின்னேரத்தில் அது வேலி வரைக்கும் கேட்டது. எனக்குக் கை தடுமாறி நிற்கிற இடத்தில் சீவுளியும் நிற்கும். நான் தொடங்க அதுவும் தொடங்கும். மரச்சுருள் அவர் காலடியில் குவிந்தது. பன்னிரண்டு பாட்டும் முடிய, கதவைத் தூக்கிக் கொழுவினோம். விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது.

நாலுதரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "வாறன் தம்பி," என்று சைக்கிளை எடுத்தார். கிற்றார் என் மடியில் கிடந்தது. வாசல் படலை வரைக்கும் நடந்து போனார். அதன் பக்கம் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.